எங்கள் வீட்டுப் பொருட்காட்சி

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனத் தலைமையாசிரியர் கேட்டபொழுது, "ஓய்வு பெற்றவனிடம் எழுதுவதற்கு என்ன இருக்கிறது, ஐயா?" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை. "மாணவர்களும் பெற்றோர்களும் படிக்கும்படி எதையேனும் எழுதுங்கள். தோட்டத்துப் பாட்டாளிகளும் இம்மலரை வாங்கிப் படிக்கிறார்கள்" என்றார். அவர் இறுதியாகச் சொன்ன சொற்கள்தாம் என்னைப் பிடித்துக்கொண்டன. நானும் ஒரு தோட்டப் பாட்டாளியின் மகன். என் தந்தையார் உயிரோடிருந்த காலத்தில் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு நான் இன்னும் சரியான விடை சொல்லவில்லை. அதைப் பற்றியே எழுதிவிடலாமென்று தோன்றியது.

மாணவச் செல்வங்களே! 2020ஆம் ஆண்டுத் தீபாவளியை உங்களுள் மூத்தவர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். இளையவர்கள் அப்பொழுது மழலைகள். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள், சனிக்கிழமை, தீபாவளி. கோவிட் 19 என்னும் கொள்ளைநோயின் பொருட்டு மார்ச் 18ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இடையிலே சற்றுத் தளர்ந்திருந்தது. அக்டோபர் நடுவில் சிலாங்கூரில் அது மீண்டும் இறுகிற்று. நவம்பர் 9ஆம் நாள் முதல் நாடெங்கும் பள்ளிகளும் மூடப்பட்டன. உற்றார் உறவினர் வருவதற்கில்லை. திறந்த இல்ல உபசரிப்பும் இல்லை. பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு அண்டை வீட்டு மலாய்க்காரர் வீட்டிற்கும் சீனர் வீட்டிற்கும் ஓடுகின்ற பிள்ளைகள், வேலிக் கம்பியின் மேல் பையைத் தொங்கவிட்டுத் தூர நின்று கையசைத்தார்கள்.

போர்ட் கிள்ளான் பண்டமாரான் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் அன்று ஆறு பேர் இருந்தோம். நானும் என் மனைவியும், மகனும் மருமகளும், மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த பேரனும், எண்பத்தெட்டு வயதான என் தாயாரும். அம்மாவுக்குக் கண் மங்கலே தவிர, காதும் நினைவும் தெளிவாகவே இருந்தன. பேரன் அவரைப் 'பெரிய பாட்டி' என்பான்.

எண்ணெய் தேய்த்துக் குளித்து, பூசையை முடித்து, தோசையும் கோழிக் கறியும் உண்டபின் மணி பத்தாயிற்று. அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. தீபாவளியன்று காலை பத்து மணிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தது என் வாழ்நாளில் அன்றுதான் முதன்முறை.

அவ்வேளையில்தான் சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகள் புலனத்தில் ஒரு வாழ்த்தை அனுப்பினாள். சாதாரண வாழ்த்தன்று, ஓர் அருங்காட்சியகம் குடும்பங்களுக்கென வெளியிட்டிருந்த தீபாவளி வாழ்த்து. குத்துவிளக்குப் படமும் வாழ்த்துரையும் முதற்பக்கத்தில் இருந்தன. அடுத்த பக்கங்களில் பிள்ளைகள் வண்ணந் தீட்டுவதற்கு ஒரு கோலம், காகிதத்தை மடித்து அகல்விளக்குச் செய்யும் முறை, பெரியவர்களோடு சேர்ந்து விடுவிப்பதற்குச் சில புதிர்கள். கடைசிப் பக்கத்தில், 'உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் கதையை வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். ஓர் அட்டையில் எழுதி அப்பொருளின் அருகில் வையுங்கள்' என்ற பொருளில் ஒரு பணி. கதவடைத்த அருங்காட்சியகம் வீடு தேடி வந்துவிட்டது என்று மருமகள் சிரித்தாள்.

அவள் வேடிக்கையாகச் சொன்னது உலகெங்கும் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையின்படி, உலகிலுள்ள அருங்காட்சியகங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு, அதாவது 85,000க்கும் மேற்பட்டவை, நோயின் காரணமாகக் கதவை மூடியிருந்தன. மூடிய கதவுக்குப் பின்னால் வாளாவிருக்க மனமில்லாத பலர் இயங்கலை வழியாக வாழ்த்தும் வரைபடமும் கதையும் காட்சியும் அனுப்பத் தொடங்கினர்.

எங்கள் தலைமுறை அருங்காட்சியகத்தைப் பொருட்காட்சி சாலை என்றே சொல்லும். நான் முதன்முதலாக அதன் படியேறியது 1976ஆம் ஆண்டில், ஆறாம் வகுப்புப் படித்தபோது. தோட்டத்துப் பள்ளியிலிருந்து ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகள், ஆளுக்கொரு புளிச்சோற்றுப் பொட்டலத்துடன் கோலாலம்பூருக்குப் புறப்பட்டோம். தேசியப் பொருட்காட்சி சாலையின் முன்சுவரில் இருபுறமும் நாட்டின் வரலாற்றையும் மக்களின் கைத்தொழில்களையும் காட்டும் மாபெரும் சுவரோவியங்கள் உள்ளன. சியோங் லாய் தோங் என்னும் ஓவியர் வடிவமைத்தவை. வண்ணக் கண்ணாடிச் சில்லுகளால் ஆன அவற்றை அண்ணாந்து பார்த்து நான் கால் தடுக்கி விழுந்ததை வகுப்புத் தோழர்கள் ஓராண்டு சொல்லிச் சிரித்தார்கள்.

அவ்விடத்திற்கே ஒரு கதை உண்டு. அங்கே முன்பிருந்தது சிலாங்கூர் பொருட்காட்சி சாலை. 1945 மார்ச்சில், சப்பானியரை எதிர்த்த நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டு அதன்மேல் விழுந்தது. இடிந்த அவ்விடத்தில் எழுந்த புதிய கட்டடம் 1963 ஆகஸ்டு 31ஆம் நாள் திறக்கப்பட்டது. நான் ஆசிரியனானபின் 1990களில் மாணவர்களை அழைத்துச் சென்றபோது அவர்களை மிகவும் கவர்ந்தது அங்கிருந்த நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடுதான். 1892இல் மலாக்காக் கரையில் ஒதுங்கி, நெடுங்காலம் சிங்கப்பூரில் இருந்து, 1974இல் நம் நாட்டிற்கு வந்து, 2003இல் லாபுவானுக்குப் போய்விட்டது அது. செத்த பின்பும் இத்தனை ஊர் பார்த்த திமிங்கிலம் வேறொன்று இராது.

நான் சொல்ல வந்தது 1976ஆம் ஆண்டுப் பயணத்தின் மாலையைப் பற்றி. வீடு திரும்பியபோது என் தந்தையார் லயத்து வாசலில் அமர்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தை அறியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: உளி என்பது பால்மரத்தின் பட்டையைச் சீவுகின்ற கருவி. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் அது முகம் மழிக்கும் கத்தியைப் போல் கூராக இருக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். மேலாக வெட்டினால் பால் வராது. அப்பா தினமும் மாலையில் அரை மணி நேரம் அதைத் தீட்டுவார்.

நான் மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். கிரிசைப் பார்த்தேன், அரசர் அமரும் ஆசனத்தைப் பார்த்தேன், தோற்பாவைகளைப் பார்த்தேன், பழைய இரயில் எந்திரத்தைத் தொட்டும் பார்த்தேன் என்றேன். அனைத்தையும் கேட்டுக்கொண்ட அப்பா, உளியின் முனையைக் கட்டைவிரலால் தடவியபடியே, "நம்ம சாமான் ஏதாச்சும் இருந்துச்சாப்பா?" என்று கேட்டார்.

அக்கேள்வி எனக்கு விளங்கவில்லை. "நம்ம சாமான் அங்க எதுக்குப்பா?" என்று சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போய்விட்டேன்.

அன்று நான் கண்ணில் படாமல் விட்டிருக்கலாம். பன்னிரண்டு வயதுப் பையன் எத்தனை கண்ணாடிப் பேழைகளை உற்றுப் பார்த்திருப்பான்? நான் சொல்ல விரும்புவது வேறு. அங்கே நம்முடைய பொருள் இருப்பதற்கு நியாயம் உண்டென்றே எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது.

தந்தையார் 1989இல் காலமானார். 1995இல் எங்கள் தோட்டம் கைமாறி, வீடமைப்புக்கென மரங்கள் சாய்க்கப்பட்டன. லயத்தைக் காலி செய்து பண்டமாரானுக்குக் குடிவந்தோம். புதுவீடு என்றால் புதுப் பொருள்தானே! நாற்காலி, மெத்தை, தொலைக்காட்சி எல்லாம் தவணையில் வாங்கியாயிற்று. பழையனவற்றை என்ன செய்வது? பழைய இரும்பு வாங்கும் லாரி லயத்து வாசலில் வந்து நின்றது. அப்பாவின் உளிகள் இரண்டு, பால் வாளிகள் இரண்டு, அவற்றைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரும்புக் கொக்கிகள், ஒரு கூடை மங்குகள், எல்லாவற்றையும் நானே தூக்கிக் கொடுத்தேன். எட்டு வெள்ளி கிடைத்தது. அதில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததாக நினைவு. ஆசிரியர் வேலை பார்க்கிறவன், வரலாற்றுப் பாடம் நடத்துகிறவன் செய்த காரியம் இது.

அம்மா அப்பொழுது சமையற்கட்டில் இருந்தார். அவர் பார்க்கவில்லை என்று இருபத்தைந்து ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்குத் திரும்புகிறேன். பேரன் முதலில் கோலத்திற்கு வண்ணந் தீட்டினான். காகித விளக்குச் செய்ய முயன்று இரண்டு தாள்களைக் கிழித்தான். பின்பு தன் தந்தையின் கைத்தொலைபேசியில் தேசிய அருங்காட்சியகத்தின் காட்சிக்கூடங்களைச் சுற்றிப் பார்த்தான். இருந்த இடத்திலேயே விரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு கூடமாக நடக்கலாம். நான்கு கூடங்கள் உள்ளன: பழங்காலம், மலாய் அரசுகள், குடியேற்ற ஆட்சிக்காலம், இன்றைய மலேசியா. அம்மாவையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, "பெரிய பாட்டி, இது வாள், இது பானை" என்று விளக்கம் சொல்லிக்கொண்டே போனான். கண் மங்கிய அம்மாவுக்கு அச்சிறு திரையில் என்ன தெரிந்திருக்கும்? ஆயினும் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊருல மியூசியம் இல்லையா, தாத்தா?" என்று அவன் கேட்டபோது, எனக்குப் பேசுவதற்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆசிரியர்கள் இத்தகைய வாய்ப்பை விடுவதில்லை.

கிள்ளான் நகரில், ஆற்றங்கரைக்கு அருகில், இராஜா அப்துல்லாவின் கட்டடம் என்று ஒன்று இருக்கிறது. 1850களில் கட்டப்பட்டது. கீழே ஈயமும் உணவுப் பண்டங்களும் சேர்த்து வைக்கும் கிடங்கு, மேலே இருப்பிடம். அது பிற்காலத்தில் காவல் நிலையமாக இருந்து, 1980களில் ஈய அருங்காட்சியகமாக மாறியது. பின்பு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். 1857இல் இராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே உள்நாட்டிற்கு ஈயம் தோண்ட அனுப்பினார். அவர்கள் படகை விட்டிறங்கிக் காட்டு வழியே அம்பாங்கை அடைந்தார்கள். ஒரு மாதத்திற்குள் அவர்களுள் 69 பேர் காய்ச்சலில் மாண்டார்கள். மிஞ்சியவர் பதினெண்மர். கோலாலம்பூர் என்னும் பெருநகரம் அந்தப் புதைகுழிகளுக்குப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நம் துறைமுகத்தின் கதையும் காய்ச்சலில்தான் தொடங்குகிறது. முன்னாளில் கப்பல்கள் கிள்ளான் நகரிலுள்ள பெங்காலான் பத்து வரை ஆற்றில் ஏறி வந்தன. பெரிய கப்பல்களுக்கு ஆற்றின் ஆழம் போதவில்லை. எனவே ஆற்றின் முகத்துவாரத்தில், கண்டல் காட்டுச் சேற்றின் மேல், புதுத் துறைமுகம் அமைத்தார்கள். இரயில் பாதை 1899இல் அங்கு வந்து சேர்ந்தது. துறைமுகம் 1901 செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆங்கிலேய அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்டது. போர்ட் கிள்ளான் என்ற பெயர் 1972இல் வந்தது. திறந்து இரண்டு மாதத்திற்குள் மலேரியா பரவி, துறைமுகத்தையே மூட வேண்டியதாயிற்று!

"அப்பவும் லாக்டவுனா?" என்றான் பேரன்.

ஏறத்தாழ அப்படித்தான் என்றேன். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் இந்தியாவில், செகந்தராபாத்தில், 1897இல் கண்டறிந்திருந்தார். அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்துக் கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அவ்வறிவைச் செயலில் காட்டினார். சதுப்பு நிலங்களை மண்ணிட்டு மேடாக்கினார்கள்; காட்டைத் திருத்தினார்கள்; நீர் தேங்காமல் வடிகால் வெட்டினார்கள். நோய் தணிந்தது, துறைமுகம் பிழைத்தது. உலகின் பல நாடுகள் பின்னாளில் பார்த்துப் பயின்ற வேலை நம் ஊரில் நடந்தது. வாட்சனின் பெயர் நூல்களில் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்கள் இல்லை. அந்நாளில் அரசாங்கத்துச் சாலை வேலையிலும் மண் வேலையிலும் தமிழர் மிகுதியாக இருந்தனர் என்பதை மட்டும் சொல்லலாம்.

என் சொற்பொழிவு இன்னும் நீண்டிருக்கும். பேரன் எழுந்துவிட்டான். அவனுக்குக் கடைசிப் பக்கத்துப் பணியை முடிக்க வேண்டும். வீட்டைச் சுற்றிப் பழைய பொருள் தேடினான். தொலைக்காட்சிக்கு வயது எட்டு. நாற்காலிக்குப் பத்து. அம்மியை எடுத்துப் போட்டுவிட்டு மின் அரைப்பான் வைத்தாயிற்று. இறுதியில் அம்மாவின் கட்டிலுக்கடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்து வந்தான். அதற்குள் ஒரு பழைய சேலை, பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டையின் பழைய நகல், அப்பாவின் புகைப்படம் ஒன்று, வெற்றிலைப் பெட்டி. அவற்றை ஒருபுறமாக ஒதுக்கி, மற்றொரு புறத்தை அம்மா காலியாகவே வைத்திருந்தார்.

"பெரிய பாட்டி, இங்க ஏன் ஒண்ணுமில்ல?"

"அது உன் பூட்டன் உளி வைக்கிற இடம்பா" என்றார் அம்மா.

"உளி எங்க?"

அம்மா மறுமொழி சொல்லவில்லை. நான் கூடத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தேன். மகன் என்னைப் பார்த்தான். ஐம்பத்தாறு வயதில், தீபாவளியன்று, புதுச்சட்டையுடன் குற்றவாளியைப்போல் நின்று, எட்டு வெள்ளிக் கதையைச் சொன்னேன்.

"தெரியும்பா" என்றார் அம்மா. "லாரியில ஏத்துறப்பவே சன்னல் வழியா பார்த்தேன்."

"ஏம்மா அப்பவே தடுக்கல?"

"புது வீட்டுக்குப் போறோம்னு நீ அவ்ளோ சந்தோசமா இருந்த."

அதற்குமேல் அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேரனுக்கு எங்கள் பேச்சின் கனம் புரியவில்லை. அவனுக்குத் தன் அட்டைதான் பெரிது. "அப்போ எதைப் பத்தி எழுதுறது? பழைய சாமானே இல்லையே!" என்று சிணுங்கினான். அம்மா சற்று நேரம் யோசித்தார். பின்பு இடக்கையின் இரவிக்கையை மேலே சுருட்டி, தோளுக்குக் கீழே இருந்த வட்டமான தழும்பைக் காட்டினார். "இது இருக்கு. இந்த வீட்டுல என்னைய விட்டா இதுதான் பழசு."

நான் குழந்தையாக இருந்தபோதே பார்த்த தழும்பு அது. எங்கள் காலத்தவர்க்கெல்லாம் அம்மைக் குத்திய தழும்பு உண்டாகையால் அதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்பது வயதுப் பையன் கேட்டான். அம்மா சொல்லத் தொடங்கியதும், என் மகன் சந்தடியில்லாமல் கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்தான். அப்பதிவு பதினான்கு நிமிடம் ஓடுகிறது. இக்கட்டுரைக்காக மீண்டும் கேட்டேன்.

1937ஆம் ஆண்டு. அம்மாவுக்கு ஐந்து வயது. தாய் இறந்துவிட்டார். தந்தை, கங்காணி ஒருவரின் பேச்சை நம்பி, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினத்திற்கு வந்தார். அங்கே டிப்போவில் சில நாள், பின்பு கப்பல். அது ரஜூலா கப்பல் என்று அம்மா உறுதியாகச் சொல்வார். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய அந்தக் கப்பலின் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் குறைவு. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்ததும், பக்கத்துப் பாயில் ஒரு கிழவி ஓயாமல் வாந்தியெடுத்ததும், கடலைப் பார்க்காதே என்று அப்பா கண்ணைப் பொத்தியதும் அம்மாவின் நினைவில் இருந்தன. வந்திறங்கியதும் துறைமுகத்து நோய்த்தடுப்பு முகாம். நம் முன்னோர்கள் அதைக் 'குவாரண்டீன்' என்றே சொல்வார்கள். மருந்து கலந்த தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். துணிகளை வாங்கிக்கொண்டு போய் ஆவியில் அவித்துக் கொடுத்தார்கள். பெரிய அண்டாவில் சோறும் பருப்பும்.

"ஊசி எங்க போட்டாங்க, பெரிய பாட்டி? அங்கயா, இங்கயா?"

"நாகப்பட்டணத்துலயோ, இங்க இறங்கினப்புறமோ... நினைவில்லையே ராசா. ரெண்டு இடத்துலயும் வரிசைதான். ரெண்டு இடத்துலயும் வெள்ளைச் சட்டைக்காரங்கதான். ஆனா எங்கப்பா இந்தக் கையைப் பிடிச்சிருந்தாரு. முழங்கைக்கு மேல, இதோ இந்த மாதிரி. நான் கத்துனேன். 'ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா'ன்னாரு. அவரு கை நடுங்குச்சு."

ஊசி போட்ட கையை விட, பிடித்த கை நடுங்கியதுதான் அம்மாவுக்கு மறக்கவில்லை.

அவர்கள் வந்த மறு ஆண்டு, 1938இல், கூலித் தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் என் தாயார் நாகப்பட்டினத்துப் பக்கத்து ஊர் ஒன்றிலேயே வாழ்ந்திருப்பார். நான் இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்தத் தந்தையோ மலாயாவில் ஆறு ஆண்டுகளே வாழ்ந்தார். சப்பானியர் ஆட்சியில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடுவதற்கு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். 1943இல் ஒரு நாள் லாரியில் ஏறியவர் திரும்பவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. அவருக்கு என்ன நேர்ந்தது, எந்த முகாமில், எந்த நாளில் என்று சொல்வதற்கு யாரும் வரவில்லை. அம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. அண்டை லயத்தார் எடுத்து வளர்த்தார்கள்.

புகைப்படம் கிடையாது. கையெழுத்துக் கிடையாது, அவருக்கு எழுதத் தெரியாது. "மொகம் மறந்து போச்சுப்பா" என்று பதிவில் அம்மா சொல்கிறார். "பிடிச்ச பிடி மட்டும் இருக்கு." அதன்பின் சற்று நேரம் ஒலியில்லை. தொலைவில் யாரோ கொளுத்திய பட்டாசு ஒன்று கேட்கிறது.

பேரன் அட்டையைத் தானே எழுதினான். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி இங்கே தருகிறேன்:

'பொருள்: பெரிய பாட்டியின் இடக்கைத் தழும்பு. ஆண்டு: 1937. செய்தவர்: வெள்ளைச் சட்டைக்காரர். கையைப் பிடித்தவர்: பாட்டியின் அப்பா. கிடைத்த இடம்: நாகப்பட்டினம் அல்லது போர்ட் கிள்ளான். தொடக் கூடாது. பாட்டி சரி என்றால் தொடலாம்.'

1937இல் ஊரின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். அவ்வாறு எழுதுவதே முறை என்றேன். "இப்ப இங்கதானே இருக்கு, தாத்தா?" என்று மறுத்துவிட்டான். அவன் எழுதியதே நின்றது. அட்டையை நூலில் கோத்து அம்மாவின் கழுத்தில் மாட்டிவிட்டான். அன்று மாலை வரை அம்மா அதைக் கழற்றவில்லை. வாசல் வேலிக்கு அப்பால் நின்று வாழ்த்திய அண்டை வீட்டார் ஒவ்வொருவரும் அதென்னவென்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவனே உரக்கப் படித்துக் காட்டி, மலாயிலும் மொழிபெயர்த்துச் சொன்னான்.

2021 பிப்ரவரியில் நம் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அம்மாவின் முறை சூன் திங்களில் வந்தது. மண்டபத்தில் வரிசை, வெள்ளைச் சட்டைக்காரர்கள். அமர்ந்ததும் தாதி இடக்கையைத் தொட்டாள். அம்மா மெல்ல அதை விலக்கிக்கொண்டு வலக்கையை நீட்டினார். தாதி ஒன்றும் கேட்கவில்லை. முதியவர்கள் இப்படி எத்தனையோ விதமாக நடந்துகொள்வதைப் பார்த்திருப்பாள். பெரியம்மையே உலகை விட்டு ஒழிந்துவிட்டதாக 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்ததும், அதன்பின் பிறந்தவர்கள் கையில் அத்தழும்பு அரிதாகிவிட்டதும் எனக்குத் தெரியும். அவ்வரிசையில் என் மகன் வயதினர் யார் கையிலும் அது இல்லை. நான் அம்மாவின் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டேன். கை நடுங்கியதா என்று நான் கவனிக்கவில்லை.

உளியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குற்ற உணர்வு தாங்காமல், பழைய தோட்டத்து நண்பர் ஒருவரிடம் விசாரித்து, அவருடைய தந்தையின் உளி ஒன்றை வாங்கி வந்தேன். அம்மாவிடம் கொடுத்தேன். கண் தெரியாதவர் அதன் மரப்பிடியை விரல்களால் தடவித் தடவிப் பார்த்தார். "நல்ல உளிதான். ஆனா அவரு பீச்சாங்கைக்காரரு. பிடி இந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் தந்தை இடக்கைப் பழக்கமுடையவர் என்பதை அவர் வாளி தூக்குவதையும் சோறு பிசைவதையும் பார்த்து வளர்ந்த நான் மறந்தே போயிருந்தேன். நண்பருக்கே உளியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் இப்பொழுது அதை வீட்டுக் கூடத்தில் மாட்டி, அட்டையும் எழுதி வைத்திருக்கிறார்.

தாயார் 2023இல், தொண்ணூற்றொன்றாம் வயதில், உறக்கத்தில் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் பேரன் அந்த அட்டையை எடுத்து வந்தான். நூல் அழுக்கேறியிருந்தது. "பொருள் இல்லையே, தாத்தா. அட்டையை எங்க வைக்கிறது?" என்று கேட்டான்.

தகரப் பெட்டியைத் திறந்தோம். ஒரு பக்கத்தில் சேலையும் பத்திரங்களும் வெற்றிலைப் பெட்டியும் இருந்தன. மற்றொரு பக்கம் காலியாகவே இருந்தது. அங்கே வைத்தான்.